ஆறு பழைய பரோலோவும் ஓர் இரவுச் சாப்பாடும்

கேள்வி இதுதான்: மிலானில் ஆறு நண்பர்கள். கையில் ஆறு பழைய பரோலோ பாட்டில்கள் (பரோலோ என்பது வடமேற்கு இத்தாலியில் நெபியோலோ திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின்). அறுவடை ஆண்டுகள்: 1989, 1990, 1996, 1997, 2001, 2004. எல்லாம் வெவ்வேறு தயாரிப்பாளர்கள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு ஒருவர் வீட்டில் கூடி, சாப்பாட்டோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. எதை எப்போது திறப்பது, எந்த வரிசையில் ஊற்றுவது, என்ன சமைப்பது, மட்டன் குழம்பு வைக்கலாமா?

மட்டன் குழம்பிலிருந்தே தொடங்குகிறேன். தாராளமாக வையுங்கள், ஆனால் ஆறு பாட்டிலும் முடிந்த பிறகு எடுத்து வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் டூரினில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். அதில் பாதி ஓர் ஒயின் கடையின் பின்னறையில் பெட்டி தூக்கியும் பாட்டில் திறந்தும் போனது. இந்த மாதிரி விருந்துகளில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன், சிலவற்றைச் சொதப்பியும் இருக்கிறேன். என் ஒரே யோசனை, ஒவ்வொரு ஒயினையும் இரண்டு முறை ருசியுங்கள் என்பதுதான். முதல் முறை வெறும் வாயில், இரண்டாவது முறை சாப்பாட்டோடு. இரண்டு முறையும் தனித்தனிக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இரண்டு காகிதமும் ஒத்துப்போகாது. நீங்கள் கூடுவதே அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான்.

பரோலோ வட்டாரத்தில் இருக்கும் ஆல்பா நகருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது போலவே 1996-ம் 1997-ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வெறும் வாயில் குடித்தபோது 1997 எல்லோரையும் மயக்கியது. பழுத்த பிளம், கொஞ்சம் அதிமதுரம், நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிற மென்மை. 1996 முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு வாய் குடித்ததுமே கன்னத்தின் உட்புறம் பல்லோடு ஒட்டிக்கொண்டது, புளிப்பும் கூடுதல். பதினொரு பேரில் எட்டுப் பேர் 1997-க்குக் கை தூக்கினோம். நானும்தான்.

அப்புறம் தயரின் வந்தது. இந்த ஊரின் நூல் போன்ற பாஸ்தா அது. ஒரு கிலோ மாவுக்கு 30, 40 மஞ்சள் கரு வரை சேர்த்துப் பிசைவார்கள், அதனால் சாமந்தி நிறத்தில் இருக்கும். வெண்ணெயில் புரட்டி, மேலே வெள்ளை ட்ரஃபிளை (மண்ணுக்கடியில் வளரும் வாசனைக் காளான்) பச்சையாகவே சீவி விட்டிருந்தார்கள். ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு 1996-ஐ எடுத்தேன். அதே கிளாஸ், அதே ஒயின். துவர்ப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. காய்ந்த ரோஜா, ஈர மண், பின்னால் லேசாகத் தார் வாசனை. வெண்ணெய்ப் பிசுக்கை அந்தப் புளிப்பு கழுவிவிட்டது, உடனே அடுத்த கவளம் கேட்டது. 1997 அதே தட்டுக்கு முன்னால் கனத்துப்போனது. வெண்ணெயின் மேல் ஜாம் தடவியது போல. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, 1996 பாட்டில் மட்டும் சீக்கிரம் காலியாகிக்கொண்டிருந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. 1996 குளிர்ச்சியான ஆண்டு. திராட்சை மெதுவாகப் பழுத்தது, புளிப்பும் துவர்ப்பும் மிச்சம் இருந்தன. 1997 வெயில் ஆண்டு. பழம் நன்றாகப் பழுத்து, ஒயின் இளமையிலேயே குடிக்க இதமாக இருந்தது, சந்தையிலும் பெரிய ஆரவாரம். இருபத்தைந்து வருடம் கழித்தும் அந்த வெயிலும் குளிரும் கிளாஸில் தெரிகின்றன.

துவர்ப்பு என்று எழுதும்போதெல்லாம் நமக்கு ஒரு வசதி இருப்பதை நினைத்துக்கொள்வேன். நெபியோலோ திராட்சையின் குணமே இதுதான்: நிறம் குறைவு, துவர்ப்பும் புளிப்பும் அதிகம். இங்கே புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு, அந்தத் துவர்ப்பைத் தரும் டானின் என்றால் என்ன என்று புரிய வைக்கப் படாத பாடு படுகிறார்கள். கசப்போடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நமக்கோ ஆறு சுவையில் ஒன்றாகவே அது இருக்கிறது. வாழைப்பூவும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்தவருக்குத் துவர்ப்பையும் கசப்பையும் பிரித்துச் சொல்ல ஆசிரியர் தேவையில்லை. வாயில் எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் வழவழப்புப் போய் வறண்டுவிடுகிறது. தட்டில் முட்டையோ இறைச்சியோ இருந்தால் டானின் அந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும், உங்கள் நாக்கைக் கொஞ்சம் விட்டுவிடும். வயதாக ஆக, டானினும் நிறமியும் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகி, ஒரு பகுதி மண்டியாக அடியில் படிகிறது. பழைய ஒயின் மென்மையாவதற்கும் பாட்டில் அடியில் மண்டி சேர்வதற்கும் இதுதான் காரணம்.

சரி, இனி வேலை.

சனிக்கிழமை விருந்து என்றால் முந்தின வாரமே ஆறு பாட்டிலையும் நிமிர்த்தி வைத்துவிடுங்கள். நெபியோலோவின் மண்டி காபித்தூள் போல இருக்காது, பவுடர் மாதிரி மிக நைசாக இருக்கும். ஒரு தடவை கலங்கிவிட்டால் அன்றைக்கு அடங்காது, ஒயினைக் கசக்கவும் வைக்கும். ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிற நண்பர் யாராவது இருந்தால், அவருடைய பாட்டிலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் சொதப்பிய விருந்துகளில் ஒன்று அப்படித்தான் போனது. டிராமில் ஒரு மணி நேரம் பையில் ஆடிக்கொண்டு வந்த 1982-ஐ அப்படியே ஊற்றினேன். சேற்றுத் தண்ணீர்.

நிமிர்த்தி வைக்கும்போதே கழுத்தைப் பாருங்கள். முப்பது வருடத்துக்குக் கார்க் வழியே கொஞ்சம் குறைவது சகஜம். மட்டம் கழுத்தில் இருந்தால் நல்லது, தோள்பட்டைக்கு நடுவே இறங்கியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு, மாற்றாக ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். எப்படியும் ஏழாவது பாட்டில் ஒன்று இருப்பது நல்லது. பார்பரெஸ்கோ ஊரின் கூட்டுறவுச் சங்கமான ப்ரொடுட்டோரி டெல் பார்பரெஸ்கோ (1958-ல் ஊர்ப் பாதிரியார் 19 விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கியது) போடும் ஏதாவது ஒரு பழைய ரிசர்வா (கூடுதல் காலம் முதிர வைத்த ஒயின்) போதும். ஒயின் உலகில் கொடுத்த காசுக்கு இவ்வளவு நேர்மையாக இருப்பவை குறைவு.

திறக்கும் நேரம்தான் எல்லோரும் சண்டை போடும் விஷயம். என் பழக்கம் இது: மதியம் ஒரு மணிக்கு ஆறையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் அளவு ருசி பார்ப்பேன். பழைய கார்க்கைச் சுருள் கம்பியால் இழுத்தால் உதிரும். இரண்டு மெல்லிய தகடு உள்ள பிடுங்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறக்கி, திருகிக்கொண்டே மெதுவாக எடுக்க வேண்டும். 1996, 2001, 2004 மூன்றையும் அப்போதே டிகேன்டர் என்கிற அகலமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, பாட்டிலைக் குடிதண்ணீரால் கழுவி மண்டியை நீக்கி, ஒயினைத் திரும்ப அதிலேயே விடுங்கள். 1997-ஐ மாலை ஐந்து மணிக்கு இப்படி ஊற்றினால் போதும். 1989-ஐயும் 1990-ஐயும் திறந்து வைத்துவிட்டு, ஊற்றுவதற்குச் சற்று முன்பு மண்டியிலிருந்து மட்டும் பிரித்தெடுங்கள். பிரான்ஸின் பழைய பர்கண்டி ஒயினை இப்படிக் காற்றில் விட்டால் ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடும் என்று பயப்படுவார்கள். பரோலோ முரட்டு ஜாதி. ஒரு மணிக்கு ஊமையாக இருந்தது எட்டு மணிக்குப் பேசும்.

மதிய ருசியில் ஏதாவது ஒன்றில் ஈர அட்டைப்பெட்டி, நனைந்த சாக்கு வாசனை வந்தால் அது கார்க்கில் வந்த கெடுதல். டிசிஏ என்கிற சேர்மம், ஒரு லிட்டரில் நானோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் மூக்கு வேறுபடும், ஒருவருக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவர் நன்றாகத்தானே இருக்கிறது என்பார். காற்றில் விட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மோசமாகத்தான் ஆகும். ஏழாவது பாட்டிலை எடுங்கள்.

இரட்டை இரட்டையாக வையுங்கள்: 1989–1990, 1996–1997, 2001–2004. ஆறையும் வரிசையாக வைத்தால் 36 கிளாஸ் வேண்டும், அத்தனை கிளாஸ் யார் வீட்டிலும் இருக்காது. இரட்டை என்றால் ஆளுக்கு இரண்டு கிளாஸ், அவ்வளவுதான். கழுவிய கிளாஸில் சோப்பு வாசனை இருக்கும். மலிவான ஒயின் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள், இங்கே அதற்கு அவ்வினாரே என்று பெயர். இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அன்றைக்கு மாலை வீட்டில் ஊதுபத்தி வேண்டாம்.

பாட்டிலில் மண்டி போக 700 மில்லி என்று வையுங்கள். ஆறு பேருக்கு ஆளுக்கு 115 வரும். முதல் சுற்றில் 40 மில்லி மட்டும் ஊற்றி, மீதியைச் சாப்பாட்டுக்கு வையுங்கள். முதல் சுற்றில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள், வெட்கப்பட எதுவும் இல்லை. துப்பாவிட்டால் இரவு முடியும்போது ஒவ்வொருவர் வயிற்றிலும் கிட்டத்தட்ட ஒரு முழு பாட்டில், அதுவும் 14 சதவீதத்தில். மூன்றாவது ஜோடிக்கு வரும்போது எழுதின எழுத்தே புரியாது. கார் கொண்டுவருபவர் யார் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பாட்டிலுக்கு மேல் தாள் சுற்றி மறைத்துவிடுங்கள். ஜோடி எது என்று தெரியட்டும், ஜோடிக்குள் எது எந்த ஆண்டு என்பது தெரியக்கூடாது. பாட்டிலின் உருவத்தைக்கூட மறைக்க வேண்டும். இந்த வட்டாரத்துக்கென்றே ஆல்பெய்ஸா என்று பெயர் பொறித்த பாட்டில் ஒன்று 1973-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. உங்களில் ஒருவருடையது அதில் இருந்து, மற்றவருடையது இல்லாவிட்டால், கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, எழுத மட்டும்தான். ஒவ்வொரு குழுவிலும் உரத்த குரலில் "ஆஹா, ட்ரஃபிள்!" என்று கத்துகிற ஒருவர் இருப்பார். அவர் சொன்ன பிறகு எல்லோருக்கும் ட்ரஃபிள்தான் மணக்கும். 92, 94 என்று மதிப்பெண் போட வேண்டாம். எது முதல், எது இரண்டாவது, ஏன் என்று ஒரு வரி, அது போதும்.

பழையதிலிருந்து இளையதுக்குப் போங்கள். பிரான்ஸில் பெரிய விருந்துகளில் இளையதில் தொடங்கிப் பழையதில் முடிப்பார்கள், கடைசியில் மரியாதைக்குரியவர் வருவது போல. நெபியோலோவுக்கு அது ஒத்துவராது. 2001-ன் துவர்ப்பு ஏறிய நாக்கால் 1989-ஐத் தொட்டால், அதன் மெல்லிய வாசனைகளில் பாதி தெரியாது. உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் ஆசையாக இருக்கும் ஜோடியும் அதுதான். 1989-ம் 1990-ம் அடுத்தடுத்து வந்த இரண்டு பெரிய ஆண்டுகள். 1990 கொஞ்சம் வெயில் அதிகம், பழமும் சதையும் கூடுதல். 1989-ல் எலும்பு நிமிர்ந்து இருக்கும். எது உயர்ந்தது என்று இந்த ஊர்க் கிழவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 2001-ம் 2004-ம் நல்ல ஆண்டுகள், குறை சொல்ல எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஆறும் வெவ்வேறு தயாரிப்பாளர்கள் என்பதால், விருந்து முடிந்ததும் "1990-ஐ விட 1989 மேல்" என்று எழுதிவிடாதீர்கள். லேபிளில் எந்த ஊர் என்று பாருங்கள். லா மோர்ராவின் மண்ணில் வரும் பரோலோ சீக்கிரம் மென்மையாகும், வாசனை முன்னால் வரும். செர்ரலுங்கா தால்பாவுடையது இறுக்கமாக, பல வருடம் காக்க வைக்கும். இரண்டு ஊருக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம். லா மோர்ரா 1996-ஐயும் செர்ரலுங்கா 1997-ஐயும் வைத்துக்கொண்டு ஆண்டை ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது எதை என்று உங்களுக்கே தெரியாது. அதன் மேல், அந்தப் பாட்டில் யாருடைய நிலவறையில், எத்தனை கோடையைக் கழித்தது என்பது வேறு.

மரப்பீப்பாய் விவகாரமும் இருக்கிறது. 1980-களிலும் 90-களிலும் இங்கே பெரிய குடும்பச் சண்டையே நடந்தது. எலியோ அல்தாரே என்கிற தயாரிப்பாளர் 1983-ல் தன் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை மோட்டார் ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டு, பாரிக் என்கிற சிறிய பிரெஞ்சுப் பீப்பாய்களுக்கு மாறினார். எதிர்முகாமில் இன்னொரு தயாரிப்பாளர் பார்த்தோலோ மஸ்கரெல்லோ, "பாரிக்கும் வேண்டாம், (அரசியல்வாதி) பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று கையால் லேபிள் எழுதி ஒட்டினார். உங்கள் 1997 சிறிய பீப்பாய்க்காரருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பீப்பாய் தரும் வெனிலா வாசனை பெரும்பாலும் அடங்கியிருக்கும். அன்று சண்டை போட்ட அளவுக்கு வித்தியாசம் இப்போது தெரிவதில்லை என்பது என் அனுபவம். விழுங்கிய பிறகு கடைசியில் மரத்தூள் போல ஒரு வறட்சி மட்டும் சிலவற்றில் நிற்கும். அதைச் சாப்பாடு மறைக்காது, காட்டிக்கொடுக்கும்.

முதல் சுற்றில் கடிப்பதற்கு வெறும் கிரிஸ்ஸினி (மொறுமொறுப்பான ரொட்டிக் குச்சி), தண்ணீர். சீஸ், ஆலிவ், சலாமி எதுவும் மேஜையில் இருக்கக்கூடாது.

இனி சமையல். ஆறு பாட்டிலுக்கு ஏழு பதார்த்தம் என்று கிளம்பிவிடாதீர்கள். மூன்று போதும், மூன்றும் அமைதியானவையாக இருக்க வேண்டும். நவம்பர் என்பதால் வெள்ளை ட்ரஃபிள் கிடைக்கும். விலை கையைக் கடித்தால் அதை விட்டுவிடுங்கள், வெறும் வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் போட்ட தயரின் பாதிக்கு மேல் வேலையைச் செய்துவிடும். ட்ரஃபிள் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அது செயற்கை வாசனை, அதற்கு முன்னால் 1989 வாயை மூடிக்கொள்ளும். தயரினோடு 1989, 1990, 1996 மூன்றையும் வையுங்கள்.

அடுத்து பிரசாட்டோ, ஒயினில் மணிக்கணக்காக வெந்த மாட்டிறைச்சி. சட்டியில் ஊற்றுவதற்குச் சாதாரண இளம் நெபியோலோ போதும். சுண்டிய குழம்பு இனிப்பேறி அடர்த்தியாக இருக்கும், முப்பது வருட ஒயினை அது நசுக்கிவிடும். அதனால் இங்கே 1997, 2001, 2004. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருந்தால் போர்ச்சினி காளானை வெண்ணெயில் வதக்கி, மக்காச்சோள மாவில் கிண்டிய பொலென்டாவோடு கொடுங்கள். நிஜத்தில் பிரசாட்டோவைவிடப் பழைய பரோலோவுக்கு அதுதான் பொருந்தும் என்பேன், இங்கே சொன்னால் அடிக்க வருவார்கள். சீஸைப் பற்றி நீட்டி முழக்க எதுவும் இல்லை: முதிர்ந்த பார்மிஜானோ சரி, நீலப்பூசணம் பிடித்தது வேண்டாம், தேனும் வேண்டாம்.

மட்டன் குழம்புக்கு வருவோம். காரம் துவர்ப்பைக் கூர்மையாக்கும், 14 சதவீத ஆல்கஹால் காரத்தை எரியவிடும், இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு நாக்கைப் புண்ணாக்கும். புளி சேர்ந்தால் ஒயின் தட்டையாகிவிடும். குழம்பு கெடாது, முப்பது வருடம் காத்திருந்த பாட்டில்தான் கெடும். பத்து மணிக்குக் குழம்பையும் சோற்றையும் எடுங்கள், கூடவே சில்லென்று மொஸ்காட்டோ தாஸ்தி என்கிற வெள்ளை ஒயின். ஐந்து சதவீதம்தான், இனிப்பு, நுரை. காரத்துக்கு அதைவிட நல்ல தோழன் இந்த வட்டாரத்தில் இல்லை. நம் சமையலில் ஒன்றைப் பழைய பரோலோவோடு வைத்தே தீருவேன் என்றால் வெண்பொங்கல் வையுங்கள், சாம்பார் சட்னி இல்லாமல், மிளகைக் குறைத்து. நெய்யும் பாசிப்பருப்பும் குழைந்து, கிட்டத்தட்ட தயரினின் வேலையைச் செய்கிறது. விளையாட்டாக ஒரு தடவை ஒரு 1985-க்கு முன்னால் வைத்தேன், இத்தாலியர் இருவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள்.

சாப்பாட்டுச் சுற்றிலும் அதே மாதிரி எழுதுங்கள். தாளைப் பிரிப்பது கடைசியில்தான். முதல் காகிதத்தையும் இரண்டாவது காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பிரியுங்கள். அந்த அரைமணி நேரச் சண்டைக்காகத்தான் இத்தனை பாடும். நினைவுக்கு வருகிறது: பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் மோதவிட்ட 1976 பாரிஸ் ருசிப் போட்டியில், கலிபோர்னியாவின் 1971-ம் ஆண்டு ரிட்ஜ் மான்டே பெல்லோ, சிவப்பு ஒயின்களில் ஐந்தாவதாக வந்தது. முப்பது வருடம் கழித்து, 2006-ல் அதே ஒயின்களை மறுபடி ருசித்தபோது அது முதலாவது. அன்றைய நடுவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, ஒயின் அதற்குள் வேறாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. 1996-லோ 2001-லோ இரண்டு விரல் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். கார்க்கைத் திரும்பச் செருகி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், பாத்திரம் எல்லாம் கழுவி முடித்து, மீந்த பிரசாட்டோவைச் சூடுபண்ணும் நேரத்தில் வெளியே எடுத்து அரைமணி விட்டுக் குடித்துப் பாருங்கள். முதல் நாள் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது தடவையாக மாற்றி எழுத வேண்டியிருக்கும்.